தூர்ந்துபோன துறைகள்: சேற்று அடுக்குகளை எப்படி வாசிப்பது?

பள்ளி விடுமுறையில் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே, மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டிய சரிவில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்துக்கு அருகே பிள்ளைகளை நிறுத்தி, "இதுதான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். தமிழகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பல்கள் வந்துபோன துறைமுக நாடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், அப்படியென்றால் கடல் எங்கே?"

திரும்பும் வழியில் பேருந்துக்குள் அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. "சுனாமி வந்து அழித்திருக்கும்" என்றார் ஒரு தாயார். "பூம்புகார் மாதிரிதான் அம்மா, கடல் கொண்டுபோய்விட்டது" என்றார் துணைக்கு வந்திருந்த பெரியவர். நம் மக்களிடையே பழந்துறைமுகங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு பதில்களைத்தான் கேட்கிறேன். ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வியை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். கடல் கொண்டிருந்தால் நாங்கள் தண்ணீருக்குள் அல்லவா நின்றிருக்க வேண்டும்? நாங்கள் நின்றது காய்ந்த தரையில். மலையிலிருந்து இறங்கினால் வீடுகள், வயல்கள், தோட்டங்கள். இங்கே நிலம் கடலிடம் தோற்கவில்லை. கடல்தான் நிலத்துக்கு வழிவிட்டுப் போயிருக்கிறது.

அது எப்படி நடக்கும், நடந்தது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம். முன்னறிவு எதுவும் தேவையில்லை. சமையலறையில் புளி கரைத்த அனுபவம் இருந்தால் போதும்.

கடல்கோள் வேறு, தூர்தல் வேறு

தமிழில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. கடல் ஏறி வந்து நிலத்தை எடுத்துக்கொள்வது கடல்கோள். நீர்நிலையில் மண்ணும் சேறும் சேர்ந்து, ஆழம் குறைந்து, கடைசியில் அதுவே தரையாகிவிடுவது தூர்தல். கிணறு தூர்ந்துவிட்டது, குளம் தூர்ந்துவிட்டது என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்கிறோம். துறைமுகம் என்று வந்தவுடன் இந்தச் சொல்லை மறந்து கடல்கோளைப் பிடித்துக்கொள்கிறோம்.

பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஊர் அது. இன்று கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, வணிகமும் கொற்கையை விட்டுக் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. கொற்கையைக் கடல் விழுங்கவில்லை. கொற்கைக்குக் கடல் எட்டாமல் போய்விட்டது.

பூம்புகாரில் கடல் கரையை அரித்தது உண்மைதான். ஆனால் அதே பூம்புகாரில், 1960களில் கீழையூரில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று தரைக்கு அடியிலிருந்து வெளிப்பட்டது. படகு கட்டிய மரத்தூணின் எச்சம்கூடக் கிடைத்தது. ஒரே ஊரில் ஒரு பக்கத்தைக் கடல் தின்றிருக்கிறது. மறுபக்கத்தை ஆறு மூடியிருக்கிறது. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது.

நம் ஊர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ரோமாபுரிக்குத் தானியக் கப்பல்கள் வந்து இறங்கிய போர்ட்டஸ் துறைமுகம் இன்று கடலிலிருந்து 3 கி.மீ.க்கு மேல் உள்ளே, விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது. துருக்கியில் எபேசு நகரத்தின் துறையை ஓர் ஆறு சேற்றால் நிரப்பிவிட்டது.

புளித்தண்ணீர் சொல்லும் பாடம்

சாம்பாருக்குப் புளி கரைப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கரைத்தவுடன் எல்லாம் கலங்கலாக இருக்கும். பாத்திரத்தை அசைக்காமல் வைத்தால் முதலில் மணலும் ஓட்டுத் துணுக்கும் அடியில் போய் உட்காரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சதை இறங்கும். மேலே தெளிவு நிற்கும். ரசத்தில் தெளிவும் மண்டியும் பிரிவது இதே முறையில்தான். எது கனமோ, எது பெரிதோ, அது முதலில் அடிக்குப் போகிறது. ஆனால் நீர் அசையாமல் இருந்தால்தான் இது நடக்கும். கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் மண்டி உட்காருவதே இல்லை.

இப்படி நீரிலிருந்து இறங்கி அடியில் தங்கும் மண்ணுக்குப் படிவு என்று பெயர். அதன் துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். விரலிடுக்கில் நறநறக்கும் பெரிய துகள் மணல். விரலுக்கு மாவுபோலத் தெரியும் நடுத்தரத் துகள் வண்டல். விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்தால் வெடிக்கும் மிக நுண்ணிய துகள் களி. மணல் ஒரு வாளித் தண்ணீரில் சில நொடிகளில் அடியைத் தொட்டுவிடும். 0.002 மி.மீ. அளவுள்ள களித் துகளோ, சற்றும் அசையாத நீரில்கூட ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இதைத் திருப்பிப் போட்டால் ஆய்வாளரின் முதல் கருவி கிடைத்துவிடுகிறது. ஓர் இடத்தில் மணல் படிந்திருந்தால் அங்கே நீருக்கு வேகம் இருந்திருக்கிறது. நுண்ணிய துகள்களை அது அடித்துக்கொண்டு போயிருக்கிறது. களி கனமாகப் படிந்திருந்தால் அங்கே நீர் நெடுங்காலம் அமைதியாக நின்றிருக்கிறது. நீர் வற்றிப்போய் ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும், அது எப்படி ஓடியது என்பதை மண்ணின் பருமன் சொல்லிக்கொண்டே இருக்கும்.

துறைமுகம் ஏன் சேற்றை வரவழைக்கிறது?

துறைமுகம் என்றால் என்ன? அலை அடிக்காத இடம். கப்பல் ஆடாமல் நிற்க வேண்டும், மூட்டைகளை இறக்க வேண்டும் என்பதற்காக இயற்கையான வளைவையோ தீவின் மறைவையோ தேடுகிறோம். இல்லாவிட்டால் அலைதடுப்புச் சுவர் கட்டுகிறோம். எந்த அமைதியைக் கப்பலுக்காக ஏற்படுத்துகிறோமோ, அதே அமைதி களித் துகளுக்கும் வசதியாகிவிடுகிறது. வெளியே அலையில் மிதந்து திரிந்த துகள் உள்ளே வந்ததும் இறங்கிவிடுகிறது. நல்ல துறைமுகம் என்றாலே நல்ல வண்டல் தொட்டியும்தான். தூர்வாராமல் விட்டால் அது நிரம்பியே தீரும்.

ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நம் முன்னோர் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். தனித்தனியாக மிதந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, கனம் கூடி, அடியில் இறங்கிவிடும். கழிமுகத்தில் இந்த வேலையைக் கடலின் உப்பு செய்கிறது. நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் களித் துகள்கள், உப்பு நீரைத் தொட்டதும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஆறு எவ்வளவு தூரத்திலிருந்து களியைச் சுமந்து வந்தாலும், கடல் வாசலில் வந்து பெரும்பகுதியைப் போட்டுவிடுகிறது. பழங்காலத் துறைகள் அமைந்ததும் அந்த வாசலில்தான், ஏனென்றால் ஆற்று வழியே உள்நாட்டுக்கும் கடல் வழியே வெளிநாட்டுக்கும் போக அதைவிட நல்ல இடம் இல்லை.

இதை வகுப்பில் செய்து காட்டினேன். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே அளவு தோட்டத்துக் களிமண்ணும் தண்ணீரும். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பு. இரண்டையும் குலுக்கிச் சன்னலோரம் வைத்தோம். மறுநாள் காலையில் உப்புப் போத்தலின் வழியாகப் பள்ளித் திடலைப் பார்க்க முடிந்தது. உப்பில்லாத போத்தல் தேத்தண்ணீர் நிறத்திலேயே இருந்தது. எல்லா வீட்டிலும் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். பெரிய துகள் வேகமான நீரிலும் நுண்துகள் அமைதியான நீரிலும் படிகின்றன. துறைமுகம் அமைதியான நீர் என்பதால் சேறு சேர்கிறது. ஆற்று வாசலில் உப்பு அதை இன்னும் விரைவாக்குகிறது.

குழாய்க்குள் வந்த காலம்

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் போடும் முன் மண் பரிசோதனைக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் வேலை செய்தவர் என் பழைய மாணவர். "வந்து பாருங்கள் டீச்சர், நீங்கள் சொல்லும் கடல் இதற்குள்தான் இருக்கிறது" என்று கூப்பிட்டார். இரும்புக் குழாயைத் தரைக்குள் இறக்கி, உள்ளே அடைத்துக்கொண்டு வரும் மண்ணை உருளையாகவே வெளியே எடுக்கிறார்கள். அந்த மண்ணுருளையைப் பலகையில் கிடத்தி, மெல்லிய கம்பியால் நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் திறந்து காட்டினார்.

உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறக் களி. வெண்ணெய் வெட்டியதுபோல வழவழப்பு. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ரேகை அப்படியே பதிந்தது. முட்டை அழுகிய வாடை குப்பென்று அடித்தது. நடுவில் நகத்தளவு சிப்பி ஒன்று, இரண்டு ஓடுகளும் மூடியபடியே இருந்தது. பேசிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் அறுத்த முகத்தின் நிறம் மங்கிப் பழுப்பேறத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொன்றும் ஒரு செய்தி. சாம்பல் நிறமும் அந்த வாடையும், மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லை என்பதன் அடையாளம். காற்றுப் பட்டதும் மண்ணிலுள்ள இரும்பு துருப்பிடிப்பதால்தான் நிறம் மாறுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பொருள்களை மட்கவைக்கும் உயிர்கள் வேகமாக வேலை செய்ய முடியாது. அதனால்தான் மேட்டு நிலத்தில் சில ஆண்டுகளில் மட்கிப்போகும் மரமும் கயிறும் விதையும் துறைமுகச் சேற்றுக்குள் ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. மூடியபடி இருந்த சிப்பி, அந்த உயிர் அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறந்தது என்று சொல்கிறது. அலை அடித்துக்கொண்டு வந்த சிப்பியாக இருந்தால் ஓடுகள் பிரிந்து, ஓரம் தேய்ந்து போயிருக்கும்.

தூர்ந்த துறைமுகம் ஒன்றில் இப்படி ஓர் உருளையை எடுத்தால், அடியிலிருந்து மேலே ஏறஏற ஒரு வரலாறு வரிசையாக வரும். அடியில், துறைமுகம் அமைவதற்கு முன்பிருந்த திறந்த கடற்கரை: மணல், உடைந்த சிப்பி. அதன் மேல் சட்டென்று நிறமும் பருமனும் மாறிக் கருஞ்சாம்பல் களி தொடங்கும். அலைதடுப்புச் சுவர் எழுந்ததையோ, மணல்திட்டு வளர்ந்து வாய் குறுகியதையோ அந்தக் கோடு காட்டுகிறது. களிக்குள் பானை ஓடு, மரச் சீவல், விலங்கெலும்பு, பழக்கொட்டை என்று துறையில் வாழ்ந்தவர்கள் நீரில் எறிந்ததெல்லாம் கிடக்கும். அதற்கும் மேலே வேர்களும் இலை மட்கியதும் கலந்த கரிய அடுக்கு வந்தால், நீர் ஆழமிழந்து அலையாத்திக் காடு ஏறிவிட்டது என்று பொருள். கடைசியில் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய பழுப்பு மண். அதன் மேல்தான் இன்றைய வயலும் வீடும்.

கண்ணுக்குத் தெரியாத சாட்சிகள்

களி இருக்கிறது, சரி. அது கடலின் களியா, நன்னீர்க் குளத்தின் களியா? பருமனை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. "சிப்பி கிடைத்தது, ஆகவே கடல்" என்று அவசரப்படவும் கூடாது. நன்னீரிலும் சிப்பி உண்டு. மனிதர் தின்று குவித்த சிப்பியும் உண்டு.

இங்கே நுண்ணோக்கி உதவிக்கு வருகிறது. ஒரு கரண்டிச் சேற்றைச் சலித்துப் பார்த்தால் மணல் பருக்கையளவு ஓடுகள் நிறையத் தெரியும். ஃபோராமினிஃபெரா என்பவை ஒரே உயிரணு கொண்ட, பெரும்பாலும் உப்பு நீரில் வாழும் உயிரிகள். நத்தைபோலச் சுருண்ட சின்னஞ்சிறு ஓடு அவற்றுக்கு உண்டு. ஆஸ்ட்ரகாட் என்பது இறால் இனத்தின் தூரத்து உறவு; அவரை விதை வடிவில் இரட்டை ஓடு கொண்டது. ஆஸ்ட்ரகாட்டில் சில இனங்கள் கடலில் மட்டும் வாழும், சில நன்னீரும் கடல்நீரும் கலக்கும் உப்பங்கழியில், சில நன்னீரில். ஓர் அடுக்கில் எந்த இனம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அன்றைக்கு அந்த நீர் எவ்வளவு உப்புக் கரித்தது என்பதே தெரிந்துவிடுகிறது. கடல் இனங்கள் குறைந்து உப்பங்கழி இனங்கள் பெருகினால் துறையின் வாய் அடைபடத் தொடங்கிவிட்டது. நன்னீர் இனம் வந்துவிட்டால் கதை முடிந்தது.

அடுத்த சாட்சி மகரந்தம். பூந்தாதின் வெளியுறை எளிதில் அழியாதது. நம் வட்டாரத்தில் கண்டல் மரத்தின் மகரந்தம் மிகுந்திருந்தால் அலையேறும் சதுப்பு அருகில் இருந்தது என்று கொள்ளலாம். அது குறைந்து புல்லின் மகரந்தம் கூடினால் கடல் விலகித் திறந்த நிலம் வந்துவிட்டது. அதோடு கரித்துகளும் சேர்ந்து வந்தால் யாரோ காட்டை எரித்து விளைநிலமாக்கியிருக்கக்கூடும்.

மனிதரின் கறையும் சேற்றில் தங்கும். போர்ட்டஸில் எடுத்த படிவுகளில் ஈயத்தின் அளவைக் கணக்கிட்டு, பழைய ரோமாபுரியின் குழாய்த் தண்ணீரில் அந்த வட்டாரத்து ஊற்று நீரைவிட ஏறத்தாழ 100 மடங்கு ஈயம் இருந்திருக்கும் என்று 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நகரம் குடித்த தண்ணீரின் தரம் துறைமுகத்தின் அடிச்சேற்றில் பதிவாகியிருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான செய்தி இந்தத் துறையில் இல்லை.

இஸ்தான்புல்லின் யெனிகாபியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004-இல் ரயில் நிலையத்துக்காகத் தோண்டத் தொடங்கிய இடத்தில், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த பெருந்துறைமுகம் ஒன்று வெளிப்பட்டது. ஒரு சிற்றாறு கொட்டிய மண்ணால் அது தூர்ந்து, பின்னாளில் காய்கறித் தோட்டமாகிவிட்டிருந்தது. அந்தச் சேற்றுக்குள் 37 மரக்கலங்கள் கிடைத்தன. தோட்டக்காரர்கள் பல தலைமுறைகளாகக் கப்பல்களின் மேல் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பருமன் நீரின் வேகத்தையும், நுண்ணுயிர் ஓடுகள் உப்பின் அளவையும், மகரந்தம் கரையின் பசுமையையும் சொல்கின்றன. தனியாக எதையும் நம்பாமல், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே ஆய்வு.

ஆழம் என்பது வயது அல்ல

"ஐந்து மீட்டர் ஆழத்தில் கிடைத்தது, அப்படியென்றால் ஐயாயிரம் ஆண்டு" என்று பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். இந்தக் கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே வெள்ளத்தில் ஒரு முழம் மண் படியலாம். ஒரு நூற்றாண்டு முழுவதும் விரற்கடையளவுகூடப் படியாமல் போகலாம். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்ற வரிசை மட்டும்தான் அடுக்கு தரும் உறுதி. அந்த வரிசையையும் கலைப்பவர்கள் உண்டு.

முதல் ஆள் மனிதன். துறை தூர்ந்தால் வாருவார்கள் அல்லவா? இத்தாலியின் நேப்பிள்ஸில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது, பழைய துறைமுகத்தின் அடித்தரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தூர்வாரிய தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. வாரிய இடத்தில் பல நூற்றாண்டுகளின் பக்கங்கள் கிழிக்கப்பட்டுவிட்டன. துறைமுகம் சுறுசுறுப்பாக இயங்கிய காலத்தின் சேறே கிடைக்காமல் போவது இதனால்தான். அடுக்கு இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது ஆள் நண்டும் சேற்று இறாலும். நம் சதுப்புக் காடுகளில் எரிமலைபோல மண்மேடு எழுப்பும் சேற்று இறாலைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்துச் சேற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் உயிர் அது. பழைய அடுக்கின் பொருளைப் புதிய அடுக்குக்கு அது கொண்டுவந்துவிடும்.

வயதைத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படுவது கதிர்க்கார்பன் முறை. உயிருள்ளவை எல்லாம் கதிரியக்கக் கார்பனைச் சிறிதளவு உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கின்றன. இறந்ததும் வாங்குவது நின்று, இருப்பது தேயத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் எப்போது இறந்தது என்பது தெரியும். ஆனால் கடல் சிப்பியை மட்டும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். கடல் நீரில் நெடுங்காலம் தேங்கிய பழைய கார்பனும் கலந்திருப்பதால், சிப்பி தன் உண்மையான வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். அதைக் கழிக்காமல் எழுதிய தேதிகள் ஒரு துறைமுகத்தை இல்லாத அரசனின் காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

கெடாவில் கடல் எங்கே போயிற்று?

இப்போது மாணவியின் கேள்விக்கு வரலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பெருமளவு நீர் பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைக்குப் பினாங்கு தீவே இல்லை. தரையோடு தரையாக நின்ற குன்று. பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீபகற்பத்தின் கரையில் அது இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயரத்துக்கு வந்து, பிறகு மெல்ல இறங்கியது. கெடாவிலும், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் சமவெளிகளின் கீழே இருக்கும் அந்தச் சாம்பல் களி பெரும்பாலும் அந்தக் கடலின் கொடை.

இதற்குச் சான்று நம் பினாங்கு மாநிலத்திலேயே இருக்கிறது. செபராங் பிறையின் வடக்கே குவார் கெப்பாவில் பழங்கால மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள் உண்டு. 2017-இல் அங்கே சுமார் 5,700 ஆண்டுப் பழமையான ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. இன்று அந்த இடம் கடலோரத்திலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே. தினமும் சிப்பி பொறுக்கித் தின்றவர்கள் அவ்வளவு தூரம் சுமந்துகொண்டா வந்திருப்பார்கள்? கரை அவர்கள் வாசலுக்கு அருகில் இருந்தது.

கடாரத்துத் துறைகள் செழித்த காலத்தில் கடல் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தாலும், மெர்போக் கழிமுகம் இன்றையதைவிட அகலமாகவே இருந்தது. கப்பல்காரர்களுக்கு 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த குனோங் ஜெராய் தூரத்திலிருந்தே வழிகாட்டியது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்துகொண்டிருந்தன. 1980களில் இந்தப் பகுதியின் படிவுகளை ஆராய்ந்த தொல்லியல் ஆய்வாளர் ஜேன் ஆலன், மேட்டு நிலத்தில் காடு அழிக்கப்பட்டதால் அரித்து வந்த மண்ணும் கரையை முன்னே தள்ளியதில் பங்கு வகித்தது என்று வாதிட்டார். அதாவது, துறைமுகத்தால் பெருகிய மக்களே அந்தத் துறைமுகம் தூர்வதற்கும் ஓரளவு காரணமானார்கள்.

வணிக மையமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலில் சுங்கை மூடா பக்கத்துச் சுங்கை மாஸ் செழித்தது. பிறகு பெங்காலான் பூஜாங் எழுந்தது. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. இன்று அது வயல் சூழ்ந்த கிராமம். ஆனால் பெயரைக் கவனியுங்கள். மலாயில் பெங்காலான் என்றால் படகுத்துறை. கடல் போன பிறகும் பெயர் போகவில்லை.

சுனாமி வந்திருக்கவே முடியாதா? வந்திருக்கலாம். வந்திருந்தால் அதற்கும் அடுக்கில் ஓர் அடையாளம் இருக்கும்: அமைதியான களிக்கும் கருமண்ணுக்கும் நடுவே, கத்தியால் கீறியதுபோலத் தொடங்கும் மணல் பட்டை. தாய்லாந்தின் ப்ரா தோங் தீவில் 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை பரப்பிய மணலுக்குக் கீழே, கருமண் இடைவெளிவிட்டு, பழைய மணல் பட்டைகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றில் கடைசியாக வந்தது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பேரலை விட்டுச்செல்வது பெரும்பாலும் சில அங்குலம். ஆறு விட்டுச்செல்வது மீட்டர் கணக்கில். ஒரு துறையை மூடியது எது என்று கேட்டால், அடுக்கின் அந்தத் தடிமனையும் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் தெருவில் ஒரு பழைய கரை

ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்திரீட், அதாவது லெபு பந்தாய், பெயருக்கேற்பக் கடலோரத் தெருவாகத்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை நிரப்பிப் பெங்காலான் வெல்ட் என்ற கரையோரச் சாலையை உண்டாக்கினார்கள். சூலியா தெரு, சைனா தெரு போன்றவை அந்தப் புது நிலத்தின் மேல் நீண்டபோது, நீட்டிய பகுதிக்கு மட்டும் காட் என்று பெயர் சேர்த்தார்கள். கங்கைக் கரையில் படித்துறைக்குச் சொல்லும் அதே சொல்தான் அது. தெருப்பலகையில் காட் என்று எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் பழைய கடல்.

அந்த மாணவியையும் அவள் வகுப்பையும் ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போனேன். காட் லெபு சூலியாவின் பலகைக்குக் கீழே நின்று, "இங்கே ஒரு துளை போட்டால் என்ன வரும்?" என்று கேட்டேன். "மேலே கல்லும் செங்கல்லும் வரும் டீச்சர், கொட்டி நிரப்பியது. அதற்குக் கீழே நாறும் சேறு" என்றாள். பிறகு பெங்காலான் வெல்டைக் கடந்து, மரக்கால்களின் மேல் நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறை வீடுகளுக்குப் போனோம். கடல் வற்றியிருந்த நேரம். பலகைப் பாலத்தின் இடைவெளி வழியே கீழே சாம்பல் சேறு பளபளத்தது. நண்டுகள் பொந்துக்குப் பொந்து ஓடின. ஒரு பிளாஸ்டிக் மூடியும் உடைந்த பீங்கான் கிண்ணத்தின் பாதியும் சேற்றில் முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தன. அவள் குனிந்து அந்தக் கிண்ணத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தூரத்திலிருந்து தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது, கலங்கலாக.